மரபினுள் தனியாள்: மட்டக்களப்புக் கூத்தும் நெருக்கடிக் காலத்து ஆக்கத்திறனும்

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் 'சமூகம்' என்னுஞ் சொல்லுக்குக் கிடைத்த இடம் 'தனியாள்' என்னுஞ் சொல்லுக்குக் கிடைக்கவில்லை. இதற்கு வரலாற்று நியாயம் உண்டு. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய வேளையில், கவித்துவம் தெய்வ வரத்தாலோ பிறவிப் பயனாலோ சிலருக்கு மட்டும் வாய்ப்பது என்னும் எண்ணம் பண்டித மரபில் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தைத் தகர்ப்பதற்கு, எழுத்தாளனும் ஒரு வர்க்கத்தின், ஒரு காலத்தின் பிள்ளையே என வற்புறுத்த வேண்டியிருந்தது. வற்புறுத்தியதால் பயனும் விளைந்தது. சாதிக் கொடுமையும் கூலியுழைப்பும் நிலமின்மையும் இலக்கியப் பொருளாயின; இழிசனர் வழக்கு என ஒதுக்கப்பட்ட பேச்சுமொழி இலக்கியத்தில் உரிமையுடன் நுழைந்தது. இவற்றை மறுப்பதற்கன்று இக்கட்டுரை. ஆயினும் ஒரு கேள்வியை நாம் தொடர்ந்து தள்ளிப்போட்டே வந்துள்ளோம். பழகிய வாழ்வு கண்முன்னே குலைந்துகொண்டிருக்கும்போது, நாளை எவ்வாறிருக்கும் என எவருக்குந் தெரியாதபோது, ஒரு தனியாளின் ஆக்கத்திறனுக்குப் பெறுமதி யாது? அது ஓர் ஆடம்பரமா, ஆறுதலா, அன்றி சமூகத்துக்கு இன்றியமையாத உழைப்பா?

இக்கேள்விக்கு நாவலையோ புதுக்கவிதையையோ சான்றாகக் கொள்வது எளிது. அவை தனியாள் பெயரோடு வெளிவருவன. நாம் வேண்டுமென்றே கடினமான சான்றைத் தெரிந்துகொள்கிறோம். மட்டக்களப்புக் கூத்து ஊர் கூடிச் செய்யும் கலை. அதன் பிரதிகளிற் பலவற்றுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. ஆடுவோர் கமக்காரர், மீனவர், கூலியாளர். தனியாளுக்கு அங்கு இடமிருக்குமாயின் வேறெங்கும் இருக்கும் என்பதில் ஐயமில்லை.

தன்னாமுனை, மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் ஏறாவூரை நோக்கிச் செல்லும் வழியில், வாவியை ஒட்டிக் கிடக்கும் கத்தோலிக்க ஊர். அங்கு நின்று மேற்கே நோக்கினால் நீருக்கப்பால் படுவான்கரை தெரியும். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று இப்பிரதேசத்தார் தம் நிலத்தை வாவியை நடுவே வைத்துப் பகுத்திருக்கின்றனர். கூத்தின் வலுவான களங்கள் படுவான்கரைச் சிற்றூர்களே என்பது யாவரும் அறிந்தது. ஆனால் போர்க்காலம் மக்களை இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்கும் மாறிமாறித் துரத்தியது. அவ்வாறு இடம்பெயர்ந்து வந்து தன்னாமுனையில் தங்கிவிட்ட முதியவர் ஒருவரை நாம் சந்தித்தோம். இளமையிற் கூத்தாடியவர், பின்னர் பழக்கியவர். அவரிடம் எஞ்சியிருந்தது ஒரு கொப்பி. பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்தும் கொப்பிதான். முழுவதும் மையினால் எழுதப்பட்ட வடமோடிப் பிரதி. அக்கொப்பியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

அதில் தருக்கள் சில குறுக்காக வெட்டப்பட்டிருந்தன. வெட்டியவற்றின் மேல், சிறிய எழுத்தில், வேறு அடிகள். ஓரிடத்தில் ஒரு விருத்தம் முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டோம். மாற்றியதாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "மாத்தல்ல மனே. அந்தப் பொடியன்ட தொண்டைக்கு அது ஏறல்ல. மறுகா நான் குறைச்சுக் குடுத்தன்" என்றார்.

இவ்விடையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்துள்ளோம். பிரதி மரபுக்குரியது, அதில் கைவைக்கத் தமக்கு உரிமையில்லை என்பது அவரது உறுதியான நம்பிக்கை. ஆனால் கைவைத்திருக்கிறார். ஒரு குறித்த இளைஞனின் குரலுக்காக, ஒரு குறித்த இரவுக்காக, மரபு தந்ததை வெட்டி வேறொன்றைப் பொருத்தியிருக்கிறார். அதனை ஆக்கம் என்று அவர் பெயரிடவில்லை. நாமும் பெயரிடவில்லை. அவர் பெயரிடாமை பணிவு. நாம் பெயரிடாமை கவனக்குறைவு.

கூத்து எவ்வாறு உருவாகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்கினால் இது தெளிவாகும். ஊர்ப்பெரியோர் கூடி ஒரு கூத்தைத் தெரிவர், அண்ணாவியாரை அழைப்பர். ஆட விரும்புவோரின் குரல், தோற்றம், காற்சுழற்சி ஆகியவற்றைப் பார்த்துப் பாத்திரம் பகிர்ந்து கொடுக்கப்படும். இது சட்டம் கொடுத்தல் எனப்படும். பின்னர் மாதக்கணக்கில் இரவுதோறும் பழக்கம். தாளக்கட்டைச் சொல்லியும் ஆடியும் காட்டி, எழுத்தறியாதவனுக்கும் நூற்றுக்கணக்கான அடிகளை மனத்தில் ஏற்றுவார் அண்ணாவியார். சதங்கை அணியும் நாளில் பழக்கத்தின் ஒரு கட்டம் நிறைவுறும். அதன்பின் வட்டக்களரியில் விடியவிடிய அரங்கேற்றம். அதனைத் தொடர்ந்து வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல். இவ்வொழுங்கு முழுவதும் கூட்டு ஒழுங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனுள்ளே, யார் கர்ணனாக ஆடுவது, எத்தருவை நீட்டுவது, எவ்விடத்தில் மத்தளத்தை அடக்கிப் பாட்டை மேலே விடுவது, சபை தூங்கிவழியும் மூன்றாஞ் சாமத்தில் எதனை முன்னே கொண்டுவருவது என்பன ஒருவரின் தீர்மானங்கள். அவர் நாற்பது ஆண்டுகளாகத் தேர்ந்த செவியும் கையும் அத்தீர்மானங்களில் உள்ளன. வேறோர் அண்ணாவியார் அவற்றை வேறுவிதமாகவே செய்வார். ஊர்ச்சனங்கள் இதனை நன்கறிவர். இன்னாரின் பழக்கம் என்று ஆட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடுவர். அறியாதவர் திறனாய்வாளரே.

இதிலுள்ள முரண் என்னவெனில், இதனை அறிவதற்கான கருவி எமது கையில் இருந்தது. பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்ந்து, 1968இல் ஒக்ஸ்போர்டு வெளியீடாக வந்த தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலில், சங்கச் செய்யுள்களை வாய்மொழிப் பாடல் மரபின் ஒளியில் விளக்கினார். மில்மன் பரியும் அவர் மாணவர் அல்பேர்ட் லோர்டும் யூகோசிலாவியப் பாடகரிடையே நிகழ்த்திய ஆய்வு அதற்குப் பின்னணியாக அமைந்தது. லோர்டின் நூல் 1960இல் வெளிவந்தது. அவ்வாய்வின் ஒரு பகுதியே எம்மவர் மனத்திற் பதிந்தது: வாய்மொழிப் பாடகன் பொதுவுடைமையான வாய்பாடுகளைக் கொண்டு பாடுகிறான் என்பது. மறுபகுதி பதியவில்லை. எழுத்தறியாத கசாப்புக்காரரான அவ்தோ மெதெதோவிச் என்னும் பாடகரின் முன்னிலையில், அவர் முன்பு கேட்டிராத ஒரு கதைப்பாடலை இன்னொருவரைக் கொண்டு பரி பாடுவித்தார். அது 2294 அடி கொண்டது. கேட்டு முடித்த அவ்தோ அதே பாடலை 6313 அடிகளிற் பாடினார். வாய்பாடுகள் இருவருக்கும் பொதுவானவை, கதையும் ஒன்றே. மிகையான நாலாயிரம் அடிகள் எங்கிருந்து வந்தன? பாத்திரங்களின் உள்ளத்தை நின்று நிதானித்துப் பார்க்கும் பழக்கம் அவ்தோவுடையது. மரபு அவருக்கு மொழியைக் கொடுத்தது. எதைச் சொல்வதென்பதைக் கொடுக்கவில்லை.

ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாணனை விளங்கிக்கொள்ள இக்கோட்பாட்டைப் பயன்படுத்திய நாம், மட்டக்களப்பில் எம்முன்னே மத்தளத்துடன் நின்ற அண்ணாவியாரை அதே கோட்பாட்டால் நோக்கவில்லை. அவரைத் தகவலாளியாகவே கண்டோம். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளின் பின்னிணைப்பில் வயது, ஊர், தொழில் ஆகியவற்றோடு இடம்பெறும் ஒருவராக அவர் நின்றுவிட்டார். மு. தளையசிங்கம் போன்றோர் தனியாளின் அகத்தை முற்போக்கு விமர்சனம் புறக்கணித்தது எனக் குற்றஞ்சாட்டியபோது, அவர்களது ஆன்மிகச் சார்பைக் கண்டித்தோம். அக்கண்டனம் பெரும்பாலும் சரியே. ஆனால் விடை பிழை என்பதாற் கேள்வியும் பிழை எனக் கொண்டுவிட்டோம். அவர்கள் தனியாளை மெய்யியலிலே தேடினர். நாம் வர்க்கத்திலே கரைத்தோம்.

1956ஆம் ஆண்டை நெருக்கடிக்கும் மாற்றத்துக்கும் ஓர் எல்லைக்கல்லாகக் கொள்வது வழக்கம். தனிச்சிங்களச் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே' அவ்வாண்டு நவம்பரில் மேடையேறியது. நாடகம என்னும் சிங்களக் கூத்து வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு எழுந்த மனமே, அவ்வடிவத்தின் வேர்கள் தமிழ்க் கூத்திலே இருப்பதால், தமிழரையும் தம் மரபை நோக்கித் திரும்பச் செய்தது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்தாண்டார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', அறுபதுகளின் நடுப்பகுதியில் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை' என்பன மேடையேறின. விடியவிடிய ஆடிய கூத்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கி, படச்சட்ட மேடைக்குள் வந்தது.

இம்மறுமலர்ச்சிக்கு எமது திறனாய்வு வழங்கும் விளக்கம் யாவருக்கும் மனப்பாடம்: மொழியுரிமை பறிபோன சூழலிற் தேசிய இன உணர்வு விழித்தது; அது பண்பாட்டு அடையாளத்தைத் தேடியது; கூத்து கிடைத்தது. இவ்விளக்கம் பிழையன்று, ஆனால் போதாது. நெருக்கடி ஒரு சமூகத்துக்குப் புதிய வடிவம் தேவை என்பதை விளக்கும். எவ்வடிவம் என்பதை விளக்காது. அதே 1956, அதே மொழிச்சட்டம், அதே இன உணர்வு ஆகியவற்றிலிருந்து மோசமான வரலாற்று நாடகங்களும் வீராவேச வசனங்களும் நிறையவே பிறந்தன. 'இராவணேசன்' ஏன் அவ்வாறு அமையவில்லை? வந்தாறுமூலையில் மாணவனாக இருந்தபோதே கூத்தாடிய சி. மௌனகுரு அதன் பிரதியை எழுதினார். இராவணனாக ஆடியவரும் அவரே. ஆடிய கால் எழுதிய பிரதி அது. போரும் வீழ்ச்சியும் வடமோடிக்குப் பழக்கமான பொருள்கள். ஆனால் மரபுவழி வடமோடியில் மன்னர் தம் வீரத்தைக் கூறி வருவர், பொருவர், மடிவர். உள்ளே பிளவுண்ட ஒருவனை, தன் அழிவைத் தானே நோக்கி நடப்பவனை, அதே தாளக்கட்டினாற் காட்டலாம் என்று கண்டது ஒரு தனியாளின் கண்டுபிடிப்பு. அக்கண்டுபிடிப்புக்குச் சமூகக் காரணம் தேடலாம்; ஆனால் தேடி முடித்த பின்னும் அது அங்கேயே இருக்கும். அறுபதுகளின் இறுதியில் அவரே 'சங்கார'த்தில் வர்க்க முரண்பாட்டை வடமோடிக்குட் கொண்டுவந்தபோது, அந்நாடகத்தின் கருத்தை நாம் வியந்து பேசிய அளவுக்கு, புராண அசுரனுக்குரிய வரவாட்டம் சுரண்டலுக்குரிய வரவாட்டமாக மாறும் நுட்பத்தைப் பேசினோமல்லோம்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு அவசியம். பேராதனை மாணவருக்குக் கூத்தைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். மறுமலர்ச்சி பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் வித்தியானந்தன் 'தயாரித்தார்', மாணவர் 'ஆடினர்', அண்ணாவியார் 'உதவினார்'. இவ்வினைச் சொற்களைக் கூர்ந்து நோக்குக. இரவு முழுவதும் பரவிக் கிடந்த ஆட்டத்தை, தாளம் சிதையாமற் சுருக்குவதற்கு எதை விடலாம், எதை விட்டால் கூத்து கூத்தாக இராது என்று அறிந்திருந்தவர் அவரே. பல்கலைக்கழகம் அறியாத அறிவு அது. உதவி என்ற சொல் அதனைத் தாங்காது.

பேராதனை வழியின்மீது பின்னர் கடுமையான விமரிசனம் எழுந்தது. கூத்தை ஊரிலிருந்து பிரித்து, நகர மேடைக்குச் செம்மைப்படுத்தி, படித்தோரின் சொத்தாக்கியது அம்முயற்சி என்பது அதன் சாரம். சி. ஜெயசங்கரும் அவருடன் இயங்கிய 'மூன்றாவது கண்' குழுவினரும் முன்வைத்த கூத்து மீளுருவாக்கம் இவ்விமரிசனத்திலிருந்து பிறந்தது. மட்டக்களப்பு நகரை அண்டிய சீலாமுனையில், ஊரவரோடும் அண்ணாவியார்களோடும் கலந்து பேசி, பிரதியிலுள்ள சாதி, பால் ஏற்றத்தாழ்வுகளைக் கேள்விக்குட்படுத்தி, ஊரிலேயே, களரியிலேயே கூத்தை மீள ஆடச்செய்யும் முயற்சி அது. எமது கணிப்பில் இது அண்மைக்கால ஈழத்து அரங்கில் நிகழ்ந்த மிக நேர்மையான முயற்சிகளில் ஒன்று. பிரதியில் மாற்றம் செய்யும் உரிமை ஆடுவோருக்கு உண்டு என அது வெளிப்படையாக அறிவித்தது. எமது தன்னாமுனை முதியவர் ஒளித்துச் செய்ததைப் பகலிற் செய்தது. எனினும் அதனைப் பற்றிய எழுத்துக்களில் 'சமூகம் தீர்மானித்தது' என்னும் தொடரைக் காணும்போது எமக்கு நிறைவுண்டாவதில்லை. சமூகம் விவாதிக்கும், ஏற்கும், நிராகரிக்கும். ஓர் அடியை இயற்றுவது ஒருவரே. விவாதத்தில் அவ்வடியை முன்மொழிந்தவர் யார், அது ஏன் மற்றையோரால் ஏற்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்தால் கூட்டுமுயற்சியின் பெருமை குன்றாது.

இவையெல்லாம் அமைதிக் காலத்து நுணுக்கங்கள் எனச் சிலர் கருதலாம். அவ்வாறன்று. கூத்து இரவின் கலை. வேளாண்மை வெட்டு முடிந்த ஓய்வில் இரவுதோறும் ஆண்கள் கூடினாலன்றிக் கூத்துப் பழக முடியாது. போர் முதலிற் பறித்தது இரவை. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி ஆகியவற்றுக்கிடையே இருபது இளைஞர் ஓரிடத்திற் கூடுவதே குற்றமாயிற்று. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி இப்பிரதேசத்தின் கூரைகளையும் தென்னைகளையும் அழித்தது. மக்கள் மீண்டும் கட்டினர், நட்டனர். 1990 அவ்வாறானதன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நூற்றுக்கணக்கான முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திற் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பவில்லை. நான்கு நாள்களின் பின் தன்னாமுனைக்கு அணித்தாயுள்ள சத்துருக்கொண்டானில் 184 பேரின் கொலை நிகழ்ந்தது. கூத்தாடிய அதே நிலத்தில், கூத்தைக் கற்பிக்கும் அதே வளாகத்தில், ஆறு வார காலத்துள் இவை நிகழ்ந்தன.

இத்தகைய காலத்தில் ஓர் அண்ணாவியார் இறந்தால், அல்லது காணாமற்போனால், எதனை இழக்கிறோம்? கலை ஆளற்ற மரபின் வெளிப்பாடே எனில், எதனையும் இழக்கவில்லை. மரபு இன்னொருவர் வாயிலாகப் பேசும். எமது திறனாய்வின் தருக்கம் எம்மை இம்முடிவுக்கே கொண்டுசெல்கிறது. ஆனால் ஊர் அவ்வாறு நினைப்பதில்லை. இன்னாரோடு அந்தக் கூத்து போய்விட்டது என்கிறது ஊர். ஊரின் கூற்றே கோட்பாட்டு அடிப்படையிலும் சரியானது என்பது எமது துணிபு. இழப்பைக் கணக்கிடத் தெரியாத விமர்சனம், அழிவின் காலத்தில் யாருக்கும் பயன்படாது.

கூத்தில் தனியாள் என்று இதுவரை பேசியது ஆண்களைப் பற்றியே. பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடிய மரபு இது. பறைமேளக் கூத்தை ஆடியோரின் திறமை, திறமையாக அன்றிச் சாதிக் கடமையாகவே கொள்ளப்பட்டது. அவர்களது ஆட்டத்தின் நுட்பத்தை ஊரே வியந்தபோதும் அவர்களை ஊர் மதிக்கவில்லை. ஆகவே தனியாள் ஆக்கத்திறன் என்பது எல்லார்க்கும் ஒரே அளவில் அனுமதிக்கப்பட்ட ஒன்றன்று. அதனைப் போற்றுவோர், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட வடிவங்கள் தாலாட்டும் ஒப்பாரியும். ஒப்பாரியின் உவமைகளும் விளிகளும் பொதுவானவை. ஆனால் இறந்தவர் ஒருவரே. அவரது தொழில், நடை, அவர் கட்டிய வீடு, விட்டுச்சென்ற பிள்ளை ஆகியன அவ்வப்போது புதிதாக இயற்றப்பட்டுப் பொது வடிவத்துக்குள் வைக்கப்படும். அந்த வகையில் ஒவ்வோர் ஒப்பாரியும் ஒரு பெண்ணின் ஆக்கம். ஒப்பாரிக்கு ஒரு நிபந்தனை உண்டு: சடலம் முன்னே இருக்க வேண்டும். சுற்றி அமர்ந்து, ஒருவரையொருவர் தழுவி, சடலத்தை விளித்துப் பாடுவதே அதன் ஒழுங்கு. 1990இன் பின் இப்பிரதேசத்து வீடுகளில் சடலம் இல்லை. கொண்டுசெல்லப்பட்டவன் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாது. பாடினால் அவன் இறந்ததை ஏற்றதாகும்; பாடாவிடில் துயரத்துக்கு வாயில் இல்லை. மரபு இந்நிலைக்கு விதி வகுத்திருக்கவில்லை. கோயில் முன்றலிலும் முகாம் வாசலிலும் கச்சேரி வாசலிலும் தாய்மார் எழுப்பிய குரலில் ஒப்பாரியின் விளிகள் இருந்தன. ஆனால் அவை போனவனை நோக்கியனவல்ல, கொண்டுபோனவனை நோக்கியன. விடை கொடுக்கும் வடிவம் வழக்குரைக்கும் வடிவமாயிற்று. இம்மாற்றத்தைச் செய்யுமாறு எச்சங்கமும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. எங்கோ ஒரு பெண் முதலில் விளியைத் திருப்பினாள். அவள் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. ஆனால் அவள் ஒருத்தி இருந்தாள் என்பதை மறந்து, 'மக்கள் கலை தன்னைத் தகவமைத்துக்கொண்டது' என எழுதுவது எமக்கு இனி இயலாது.

அச்சேறிய கவிதையில் இதற்கு இணையான நிகழ்வு 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்'. பத்துப் பெண் கவிஞரின் ஆக்கங்களைக் கொண்ட அத்தொகுப்புக்குச் சித்திரலேகா மௌனகுரு முன்னுரை எழுதினார். தன் சொந்த வாழ்வைப் பற்றிய பேச்சு சுயபுலம்பல் என எள்ளப்பட்ட காலத்தில், அச்சொந்தமே அரசியல் என அத்தொகுப்பு காட்டியது.

இறுதியாக ஒன்று கூற வேண்டும். இது எம்மை நோக்கியது. 1996இல் மட்டக்களப்பில் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து போரால் பாதிக்கப்பட்ட சிறுவர் அங்கே வந்து வரைந்தனர், மண்ணிற் செய்தனர், கதை கட்டினர். அங்கு பிள்ளையிடம் இன்னது செய் என்று கூறப்படுவதில்லை என்பதே அதன் சிறப்பு. ஆனால் அதனையும், அதன்பின் வந்த முயற்சிகளையும் பற்றி எழுதியோர், ஆக்கத்திறனை மருந்தாகவே கணக்கிட்டனர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின் பின் அரசசார்பற்ற நிறுவனங்கள் இக்கரையோரமெங்கும் நிறைந்தபோது இப்போக்கு உச்சத்தை அடைந்தது. கூத்துத் தாளத்தில் கைகழுவுதல் பற்றிய பாட்டு வந்தது. வீதி நாடகம் சுகாதாரச் செய்தி சொல்லியது. நிதி முடிந்ததும் நாடகமும் முடிந்தது. இதனை நாம் எள்ளி நகையாடினோம். எள்ளும் தகுதி எமக்கு இருந்ததா? கலையிடம் முதலிற் செய்தி கேட்டவர் நாமே. சங்காரத்தில் வர்க்கத்தைத் தேடினோம். அவர்கள் சவர்க்காரத்தைத் தேடினர். நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. கலையை ஒரு கொள்கலமாகக் காணும் பார்வை ஒன்றே. மெதெதோவிச்சின் நாலாயிரம் அடிகளில் எச்செய்தியும் இல்லை. பழகிய வடிவத்தினுள் நின்றபடி, பழகாத ஒன்றைக் காணும் பயிற்சி அவற்றில் உண்டு. நாளை எதுவெனத் தெரியாத சமூகத்துக்கு அப்பயிற்சி பெற்றவர் தேவை. முகாம் வாசலில் விளியைத் திருப்பியவள் அத்தகையவள்.

மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' 1998இல் நூலாக வெளிவந்தபின், இத்துறையில் களஆய்வு செய்வோர்க்கு வலுவான அடித்தளம் உண்டு. ஆட்டம், பாட்டு, உடுப்பு, களரி ஆகியன பற்றிய விபரங்கள் பெருமளவு திரட்டப்பட்டுவிட்டன. எமது பல்கலைக்கழக மாணவர் இன்று கொண்டுசெல்லும் வினாக்கொத்தில், யாரிடம் பழகினீர்கள், எத்தனை கூத்துப் பழக்கினீர்கள், எவ்வூர்களில் ஆடினீர்கள் என்ற வினாக்கள் தவறாமல் உள்ளன. எதனை விட்டீர்கள், யாருக்காக விட்டீர்கள், விட்ட இடத்தில் எதனை வைத்தீர்கள் என்ற மூன்று வினாக்களையும் அதிற் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கிறோம். விடை உடனே வராது. தன்னாமுனையில் எமக்கும் உடனே வரவில்லை. மறுநாள் மாலை மீண்டும் சென்றபோதுதான் முதியவர் கொப்பியை விரித்து, வெட்டிய விருத்தத்தின் மேல் விரலை வைத்து, அதனைப் பாடியிருக்க வேண்டிய பொடியனின் பெயரைச் சொன்னார். அவன் 1990இல் கொண்டுசெல்லப்பட்டவன். அவனுக்குப் பின் வந்தவனுக்கு அவ்விருத்தத்தைக் கொடுக்கத் தமக்கு மனம் வரவில்லை என்றார். பிறகு வெட்டுப்பட்ட வரிகளைத் தாளமின்றி, மெதுவாக, முழுவதும் பாடிக் காட்டினார்.